வன்னிக்கு ஒரு விடியற்காலைக் கோச்சி: இரவிலை அது எங்கை நிக்கவேணும்?

மாங்குளம் சந்தி எழுதியது:

வணக்கம் உறவுகளே. வன்னிக்குள்ளை ஓடுற உள்ளூர்ப் புகையிரதச் சேவை கேட்டு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மனு ஒண்டு எழுதுறம். கூட்டத்திலை எல்லாரும் நேரத்தைத்தான் கதைச்சவை. "ஆறு மணிக்கு விடச் சொல்லுங்கோ", "எட்டுக்கு முதல் கிளிநொச்சியிலை நிக்கவேணும்" எண்டு. நேரம் கேக்கிறதுக்கு முதல் ஒரு கேள்வி இருக்கு. அந்த வண்டி முதல் நாள் இரவு எங்கை நிக்கும்?

ஓமந்தையிலிருந்து பளை 90 கிலோமீற்றர். பளையிலிருந்து காங்கேசன்துறை 56. போருக்குப் பிறகு முழுக்கப் புதுசாய்ப் போட்ட பாதை இது. 2013 செப்ரெம்பரிலை கிளிநொச்சிக்குக் கோச்சி வந்தது, 2014 ஒக்ரோபரிலை யாழ்ப்பாணம் போனது, 2015 ஜனவரியிலை காங்கேசன்துறை. பாதை இருக்கு, நிலையங்கள் இருக்கு. ஆனால் வடக்குப் பக்கம் வாற பகல் வண்டி கொழும்பிலை விடிய வெளிக்கிட்டு எங்களிட்டை வரேக்கை கந்தோர் தொடங்கி அரை நாள் போயிடும். இரவு மெயில் எங்களைக் கடக்கிறது சாமத்திலை. மாங்குளத்து மனுசி ஒராள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் காலமை போகவேணும் எண்டால் ஏ-9 பஸ்ஸைத் தவிர வேறை வழி இல்லை.

2022 யூலையிலை, எரிபொருள் தட்டுப்பாட்டு நாளிலை, காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையிலை யாழ் ராணி ஓடத் தொடங்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அருமையான வேலை. யாழ்ப்பாணத்திலை இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு வாற ஆக்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பாருங்கோ, காலமை அது தெற்கு நோக்கி வந்தது. வண்டி வடக்கு முனையிலை நிண்டபடியால் வடக்கிலை இருந்துதான் தொடங்கலாம். வன்னியிலை இருந்து காலமை வெளிக்கிடுற ஆளுக்கு ஒண்டு வேணும் எண்டால், வண்டி வன்னியிலை இரவு நிக்கவேணும்.

என்ரை யோசனை வவுனியா. ஒரு பவர்செட், அதாவது எஞ்சினும் பெட்டியும் ஒண்டாய்ச் சேர்ந்த டீசல் வண்டி, அங்கை இரவு நிண்டு, விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு எல்லா நிலையத்திலும் நிண்டு யாழ்ப்பாணம் போகவேணும். பின்னேரம் திரும்பி வரவேணும். உங்கடை கருத்தைச் சொல்லுங்கோ. மனு இன்னும் முடியேல்லை.

பரந்தன் பெடியன் எழுதியது:

அண்ணை, முழு ஆதரவு. இடத்திலை மட்டும் உடன்பாடில்லை. வவுனியாவுக்குக் கொழும்புப் பக்கத்து வண்டிகளும் இருக்கு, நல்ல பஸ் நிலையமும் இருக்கு. வன்னியின்ரை நடு கிளிநொச்சி. வண்டி அங்கை நிண்டால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு மணித்தியாலத்திலை போயிடலாம். ஐந்தரைக்கு வெளிக்கிடவும் தேவையில்லை, ஆறரைக்கு விட்டாலும் காணும். வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடுப் பக்கத்துச் சனம் எல்லாம் முல்லைத்தீவு வீதியாலை பரந்தனுக்குத்தான் வந்து சேருது. அவைக்கும் வசதி.

வவுனியாவிலை தொடங்கினால் அதே வண்டி எங்களிட்டை வரேக்கை இருக்க இடம் இராது.

வளாகத்து மாணவி எழுதியது:

நான் அறிவியல் நகரில் படிக்கிறேன். பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இங்கேதான் இருக்கு, வாசலிலேயே புகையிரத நிலையமும் இருக்கு. வவுனியாவில் இருந்து வாற மாணவர்கள் காலை விரிவுரைக்கு வரக்கூடிய வண்டி இல்லாததால் வாடகைக்கு அறை எடுத்துத்தான் தங்குகிறார்கள். பரந்தன் அண்ணா சொன்னமாதிரி கிளிநொச்சியில் தொடங்கினால் எங்களுக்குத் தெற்கிலிருந்து ஒண்டும் வராது. தயவுசெய்து அதையும் யோசியுங்கோ.

பழைய காட் எழுதியது:

பிள்ளையள், நான் புகையிரதத் திணைக்களத்திலை காட்டாய், அதாவது வண்டிப் பாதுகாவலராய், இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி இரவு நிக்கிறதெண்டால் என்ன எண்டு முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. பிறகு இடம் பேசலாம்.

இது ஒற்றைப் பாதை. இரண்டு நிலையத்துக்கு இடையிலை ஒரு நேரத்திலை ஒரு வண்டிதான் போகலாம். எதிர் வண்டிக்கு வழி விடுறது நிலையத்திலை இருக்கிற லூப் பாதையிலை. இரவிலை ஏறுற மெயிலும் இறங்குற மெயிலும் எங்கையோ ஒரு நிலையத்திலை ஒண்டை ஒண்டு கடந்துதான் ஆகவேணும். ஒரு வண்டி பிந்தினால் கடக்கிற நிலையமும் மாறும். அதை அந்த இரவுதான் கட்டுப்பாட்டு அறை முடிவெடுக்கும். அப்படி இருக்கேக்கை கிளிநொச்சி லூப்பிலை ஒரு பவர்செட்டை விடியும்வரை நிப்பாட்டி வைச்சால், அந்த நிலையம் குறொசிங்குக்கு இல்லாமல் போச்சு. பக்கத்து நிலையத்திலை மெயில் காத்துக்கொண்டு நிக்கவேணும். அந்தத் தாமதம் கொழும்புவரை போகும்.

ஆகவே கேக்கவேண்டியது லூப் இல்லை. லூப்புக்கு அப்பாலை தனியாய் ஒரு முட்டுப் பாதை, அதாவது சைடிங். அதின்ரை வாயிலிலை ட்ராப் பொயின்ற் இருக்கவேணும். பிரேக் காற்று இறங்கி வண்டி தானாய் உருண்டால், பிரதான பாதைக்குப் போகவிடாமல் அங்கேயே தடம் இறக்கிவிடும் முனை அது. ஆளில்லாமல் இரவு முழுக்க நிக்கிற வண்டிக்கு இது இல்லாமல் விடவே கூடாது.

அடுத்தது ஆட்கள். சாரதிக்கும் காட்டுக்கும் படுக்க ஓய்வறை வேணும். விடிய ஐந்தரைக்கு வண்டி எண்டால் நாலரைக்கே எழும்பி எஞ்சின் ஸ்ராட் பண்ணி, காற்று ஏத்தி, பிரேக் பரிசோதிச்சு முடிக்கவேணும். டீசல், பெட்டிக்குத் தண்ணி, கழிவறை துப்பரவு, இரவுக் காவல். பவர்செட்டுக்கு ஒரு சின்னக் கோளாறு வந்தால் பார்க்க ஒரு பிற்றர். இதெல்லாம் ஏற்கனவே பெரும்பகுதி இருக்கிற இடம் வவுனியா. 1990 யூனிலை வடக்குப் பாதை நிண்ட பிறகு வவுனியாதான் கனகாலம் கடைசி நிலையம். வண்டியள் அங்கை வந்து திரும்பினது, நிண்டது, படுத்தது. ராஜரட்ட ரெஜின எண்ட வண்டி விடியப்புறம் வவுனியாவிலை இருந்துதான் மாத்தறைக்கு வெளிக்கிட்டது. அந்த ஊர் அந்த வேலையைச் செய்து பழகின ஊர்.

கிளிநொச்சி கூடாது எண்டு நான் சொல்லேல்லை. கிளிநொச்சிக்குக் கேட்டால் சைடிங், ஓய்வறை, எண்ணெய் வசதி எல்லாத்தையும் சேர்த்துக் கேக்கவேணும். அது வருசக்கணக்கு. வவுனியாவைக் கேட்டால் ஒரு நேர அட்டவணை மாற்றத்தோடை தொடங்கலாம்.

பரந்தன் பெடியன் எழுதியது:

ஐயா, அப்ப வண்டியைக் காங்கேசன்துறையிலேயே விட்டிட்டு, விடியப்புறம் வெறுமையாய்க் கொண்டுவந்து தொடங்கலாமே? சைடிங் செலவு மிச்சம்.

பழைய காட் எழுதியது:

தம்பி, கணக்குப் பார். காங்கேசன்துறையிலிருந்து வவுனியா 160 கிலோமீற்றர் வரை வரும். மணிக்கு 60 வீதம் வந்தாலும் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேலை. ஐந்தரைக்கு வவுனியாவிலை தொடங்க, அங்கை இரண்டரைக்கே வெளிக்கிடவேணும். நாள்தோறும் 160 கிலோமீற்றர் டீசலை ஒரு பயணியும் இல்லாமல் எரிக்கிறது. அதுவும் மெயில் ஓடுற அதே சாமத்திலை, அதே ஒற்றைப் பாதையிலை. வெறும் ஓட்டத்துக்குப் போற காசு இரண்டு வருசத்திலை ஒரு சைடிங்கைக் கட்டிப்போடும் எண்டு நான் நம்புறன்.

கென்னடி ஸ்ரேசன் எழுதியது:

ஸ்காபரோவிலை இருந்து எழுதுறன், பிறந்தது புளியங்குளம். ஐயா சொன்ன விசயம் இங்கை எங்கடை சனம் அனுபவிச்சது.

ரொறன்ரோவிலை ஸ்காபரோவுக்கு எண்டு தனியாய் ஒரு சின்னத் தொடருந்துப் பாதை இருந்தது. கென்னடியிலிருந்து மக்கோவன் வரை. அதின்ரை தண்டவாள அகலம் 1,435 மில்லிமீற்றர். மற்றச் சுரங்கப் பாதையளின்ரை அகலம் 1,495. ஆகவே அந்த வண்டி பெரிய பாதைக்குள்ளை போகேலாது, பெரிய பாதை வண்டி இதுக்குள்ளை வரேலாது. மக்கோவனிலை இருந்த சின்ன யார்ட்தான் அதுக்கு எல்லாம். பெரிய பழுது பார்க்கவேணும் எண்டால் பெட்டியை லொறியிலை ஏத்தி கிறீன்வூட் பணிமனைக்குக் கொண்டுபோனவை. 2023 யூலை 24-ம் திகதி ஒரு பெட்டி தடம்புரண்டது. அந்தப் பாதை பிறகு திறக்கவே இல்லை. எப்பிடியும் அந்த வருசம் நவம்பரிலை மூடுறதாய்த்தான் இருந்தது, இருந்தாலும் பஸ்ஸுக்கு ஆயத்தம் செய்ய இருந்த மாதங்கள் ஒரே இரவிலை போயிட்டுது.

நல்லகாலம், எங்கடை நாட்டிலை இந்தச் சிக்கல் இல்லை. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை, தலைமன்னார் வரை எல்லாம் ஒரே அகலப் பாதை, 1,676 மில்லிமீற்றர். வவுனியாவிலை நிக்கிற பவர்செட்டுக்குப் பெரிய பழுது வந்தால் அதே தண்டவாளத்திலை கொழும்புக்கு அனுப்பலாம். வன்னியிலை முழுப் பணிமனை தேவையில்லை. இரவு நிக்க ஒரு இடமும், நாள் பரிசோதனைக்கு ஆளும் காணும். மனுவிலை "டிப்போ வேணும்" எண்டு எழுதிப்போடாதேங்கோ. அந்தச் சொல்லைக் கண்டவுடனை கோடிக்கணக்கிலை செலவு எண்டு கோப்பை மூடிவிடுவினம்.

செட்டிகுளத்தாள் எழுதியது:

எல்லாரும் ஏ-9 பக்கத்தையே பார்க்கிறியள். மன்னார்ப் பாதையும் வன்னிதான். மதவாச்சியிலிருந்து மடு 43 கிலோமீற்றர், மடுவிலிருந்து தலைமன்னார் 63. 2015 மார்ச்சிலை தலைமன்னார் இறங்குதுறை வரை திறந்த பாதை. செட்டிகுளத்திலை இருந்து எங்கடை பிள்ளையள் வவுனியாவுக்குத்தான் படிக்கப் போறவை. கோச்சியிலை போகவேணும் எண்டால் தெற்கே மதவாச்சிக்குப் போய், அங்கை மாறி, திரும்ப வடக்கே வரவேணும். இரண்டு வண்டியும் ஒரு நாளும் பொருந்திறதில்லை.

என்ரை கேள்வி. வவுனியாவிலை நிக்கப்போற அந்தப் பவர்செட் காலமை யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு மத்தியானம் சும்மா நிக்கத்தானே போகுது? அதை மன்னாருக்கு விடலாம்தானே? பவர்செட்டுக்கு இரண்டு பக்கமும் சாரதி அறை இருக்கு. மதவாச்சியிலை எஞ்சின் கழட்டி மாட்டத் தேவையில்லை. சாரதி மற்றப் பக்கம் நடந்து போனால் சரி.

மாங்குளம் சந்தி எழுதியது:

அக்கா, இது நான் யோசிக்காத பக்கம், ஆனால் மிக நியாயமான கோரிக்கை. ஐயா, ஒரே செட்டாலை இரண்டு பாதையும் ஓடலாமோ?

கென்னடி ஸ்ரேசன் எழுதியது:

ஐயா வர முதல் நான் ஒண்டு சொல்லுறன். இதே மாதிரி ஒரு யோசனையை ரொறன்ரோ 1966-இலை செய்து பார்த்தது. புளோர்–டான்போர்த் பாதை திறந்தவுடனை, பயணி மாறி ஏறத் தேவையில்லாமல் ஒரு பாதை வண்டியை மற்றப் பாதைக்குள்ளையும் விட்டவை. பயணிக்கு நல்லதுதான். ஆனால் ஒரு பாதையிலை வண்டி பிந்தினால் மற்றப் பாதையும் சேர்ந்து பிந்தினது. ஆறு மாதத்திலை நிப்பாட்டிப்போட்டு, பாதைகளைத் தனித்தனியாய் ஓட்டினவை. அதுக்காகக் கட்டின ஒரு முழு நடைமேடை இண்டைக்கும் பே நிலையத்துக்குக் கீழை பயணியளுக்குப் பாவனையில்லாமல் கிடக்குது.

அக்காவின்ரை கோரிக்கையை நான் மறுக்கேல்லை. மன்னாரிலை ஒரு மாடு குறுக்கை வந்து வண்டி பிந்தினால், பின்னேரம் கிளிநொச்சிச் சனம் காத்திருக்கவேணும் எண்ட ஆபத்து இருக்கு. அதைத் தெரிஞ்சு கேளுங்கோ.

ரூட்டிங் வாசன் எழுதியது:

லண்டன் உதாரணம் இதுக்கு மருந்து சொல்லும். சர்க்கிள் பாதை எண்டு ஒண்டு. பேருக்கேத்தமாதிரி முடிவில்லாமல் வட்டமாய்ச் சுத்திக்கொண்டே இருந்தது. கடைசி நிலையம் எண்டு ஒண்டு இல்லாதபடியால், ஒருக்கால் பிந்தின வண்டி நாள் முழுக்கப் பிந்தித்தான் ஓடும், ஆறுதலாய் நிண்டு நேரத்தைச் சரிசெய்ய இடமே இல்லை. 2009 டிசெம்பரிலை அந்த வட்டத்தை உடைச்சு, ஹமர்ஸ்மித்திலை தொடங்கி ஒரு சுத்துச் சுத்தி எஜ்வெயர் ரோட்டிலை முடியவைச்சவை. பயணியளுக்கு ஒரு இடத்திலை மாறி ஏறுற சிரமம் வந்தது. ஆனால் இரண்டு முனையிலும் வண்டிக்கு மூச்சு விட நேரம் கிடைச்சுது.

எங்கடை விசயத்துக்கு வந்தால், மன்னார் ஓட்டத்தையும் யாழ்ப்பாண ஓட்டத்தையும் ஒரே செட் செய்யட்டும், ஆனால் நடுவிலை வவுனியாவிலை ஒரு மணித்தியாலம் தாராளமாய் நிக்கட்டும். மன்னாரிலை பிந்தினது வவுனியாவோடை முடியும்.

லண்டனிலை நான் இருக்கிற நோர்தேர்ன் பாதையிலை தெற்கு முனை மோர்டன். அங்கை டிப்போ, வடக்கிலை கோல்டேர்ஸ் கிறீனிலை டிப்போ, இன்னும் முனையளிலை சைடிங்குகள். இரண்டு பக்கமும் வண்டி படுக்கிறபடியால்தான் விடியற்காலமை இரண்டு பக்கச் சனமும் ஒரே நேரத்திலை நகருக்குள்ளை போகுது. மாங்குளம் அண்ணை சொன்னது இதைத்தான். காங்கேசன்துறையிலை ஒண்டு படுக்கட்டும், வவுனியாவிலை ஒண்டு படுக்கட்டும். கிளிநொச்சிக்கு இரண்டு பக்கத்தாலும் காலமை ஆள் வரும். பரந்தன் தம்பிக்கும் வளாகத்துத் தங்கச்சிக்கும் இரண்டு பேருக்கும் சரி.

வேளச்சேரி பயணி எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறேன், இலங்கை ரயில் பற்றி இவ்வளவு ஆழமாகப் பேசுவது சந்தோஷம். ஒன்று சேர்க்கிறேன். சென்னை மெட்ரோ தொடங்கியபோது கோயம்பேட்டில் மட்டும்தான் பணிமனை. வடக்கே விம்கோ நகர் வரை பாதை நீண்ட பிறகு அங்கேயும் ஒரு பணிமனை கட்டினார்கள். நீளும் பாதைக்கு நீளும் முனையில் இடம் வேண்டும் என்பது அங்கேயும் அதேதான்.

இன்னொன்று, பாதை மாற்றம் செய்யும்போது மக்களுக்கு மாற்று ஏற்பாடு முதலில் வேண்டும். பீச்–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். 2024 அக்டோபரில்தான் மறுபடி பீச் வரை ஓடியது. நடுவழி நிலையம் ஒரே நாளில் கடைசி நிலையமாக மாறியதால் அங்கே இறங்கி பஸ்ஸுக்கு அலைந்த கூட்டத்தை நான் தினமும் பார்த்தேன். உங்கள் மனுவில் ரயில் வந்து சேரும் நேரத்துக்குப் பஸ் நிற்குமா என்பதையும் எழுதுங்கள் அண்ணா.

முறிகண்டிச் சந்தி எழுதியது:

எல்லாரும் நல்லாய்க் கதைக்கிறியள். எனக்கு ஒரு பயம் இருக்கு, அதைச் சொல்லாமல் விடமாட்டன்.

மாரி காலத்திலை வயலும் பத்தையும் தண்ணியாய் நிக்கேக்கை மாடுகள் ஏறிப் படுக்கிற மேடு தண்டவாளக் கட்டுத்தான். மெயில் அடிச்சு மாடுகள் கிடந்த காலமைகளை இந்தப் பக்கத்துச் சனம் மறக்காது. மாடு எண்டால் ஒரு குடும்பத்தின்ரை சீவியம். இப்ப நீங்கள் கேக்கிறது இருட்டோடை ஐந்தரைக்கு ஒரு வண்டி, பின்னேரம் இருட்டுப்பட இன்னொண்டு. பாதுகாப்பில்லாத கடவையளாலை பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளிலை போறதும் அதே நேரம்தான். கடவையிலை நிக்கிற காவலாளர்களுக்குக் கிடைக்கிற கொடுப்பனவு ஒரு குடும்பத்துக்குக் காணாது. அவை பலமுறை போராடினவை. வண்டி கூடினால் அவையின்ரை வேலை நேரமும் கூடும்.

வண்டி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. என்ரை அம்மாவும் மாதா மாதம் கிளினிக்குக்குப் போறவதான். கடவைக்குப் படலையும் மணியும், காவலாளருக்கு நிரந்தர நியமனமும் அதே மனுவிலை, அதே பக்கத்திலை இருக்கவேணும். பின்னிணைப்பிலை போட்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்.

பழைய காட் எழுதியது:

முறிகண்டித் தம்பியின்ரை ஒவ்வொரு சொல்லும் சரி. மாடு அடிபட்ட இரவுகளிலை கீழை இறங்கி ரோச்சோடை பாதையைப் பார்த்தவன் நான். புதுப் பாதையிலை வேகம் கூட. பழைய வேகத்திலை சாரதி விளக்கிலை கண்டு பிரேக் போட நேரம் இருந்தது. உள்ளூர் வண்டி நிலையத்துக்கு நிலையம் நிண்டு போறபடியால் மெயிலின்ரை வேகம் எடுக்காது, அது ஒரு சின்ன ஆறுதல். படலை, மணி விசயத்திலை விட்டுக்குடுக்காதேங்கோ.

செட்டிகுளத்துப் பிள்ளைக்கு: மன்னார் ஓட்டம் நடக்கும். மதவாச்சியிலை திசை மாறுறதுக்குப் பத்து நிமிசம் காணும், ஆனால் அந்தப் பத்து நிமிசம் நடைமேடையிலை நிக்கேக்கை பிரதான பாதை வண்டி வரக்கூடாது. அதாலை மத்தியான நேரம்தான் பொருத்தம். முதல் ஆறு மாதம் யாழ்ப்பாண ஓட்டம் மட்டும் ஓடட்டும், நேரம் பிடிக்குதோ எண்டு பார்க்கட்டும். பிறகு மன்னாரைச் சேர்க்கலாம்.

செட்டிகுளத்தாள் எழுதியது:

"பிறகு" எண்ட சொல்லைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போச்சு ஐயா. திகதி போட்டு எழுதினால் ஒத்துக்கொள்ளுறன்.

மாங்குளம் சந்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மனுவின்ரை முதல் பக்கத்தைத் திருப்பி எழுதியிருக்கிறன். இதுதான் இப்ப இருக்கிற வடிவம்:

"ஒரு பவர்செட் வவுனியா நிலையத்தில், குறொசிங் பாதைக்கு இடைஞ்சல் இல்லாத சைடிங்கில், இரவு தரித்து நிற்க ஒழுங்கு செய்யப்படவேண்டும். அது நாள்தோறும் காலை 5.30-க்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டு, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, அறிவியல் நகர், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை உட்பட எல்லா நிலையங்களிலும் நின்று யாழ்ப்பாணம் செல்லவேண்டும். இச்சேவை தொடங்கும் நாளுக்கு முன்னர் வவுனியாவுக்கும் பளைக்கும் இடையிலுள்ள காவலற்ற கடவைகளுக்குப் படலையும் மணியும் பொருத்தப்படவேண்டும், கடவைக் காவலாளர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்கப்படவேண்டும். சேவை தொடங்கி ஆறாவது மாத முடிவில் அதே பவர்செட் மத்தியானத்தில் மதவாச்சி வழியாக மன்னாருக்கும் ஓடவேண்டும். அதற்கான நேர அட்டவணை தொடக்கத்திலேயே வெளியிடப்படவேண்டும்."

கிளிநொச்சி சைடிங்கை இரண்டாம் கட்டக் கோரிக்கையாய் அடுத்த பக்கத்திலை போட்டிருக்கிறன், பரந்தன் தம்பி.

வேளச்சேரி நண்பர் சொன்னதுக்காக இன்னொரு கடிதமும் தனியாய்ப் போகுது. மாங்குளத்திலை வண்டி வந்து பத்து நிமிசத்துக்குள்ளை முல்லைத்தீவு பஸ் ஒண்டு வெளிக்கிடவேணும், பின்னேர வண்டிக்கு முதல் ஒட்டுசுட்டான் பக்கத்திலை இருந்து ஒண்டு வந்து சேரவேணும் எண்டு. முல்லைத்தீவு பட்டினத்துக்குத் தண்டவாளமே இல்லாதபடியால் அவைக்கு இந்தக் கோச்சி பஸ்ஸோடை சேர்ந்தால்தான் கோச்சி.

ஐயா, சைடிங் நீளம் எவ்வளவு கேக்கிறது எண்டு சொன்னால் அதையும் இலக்கத்திலை எழுதிவிடலாம்.

பழைய காட் எழுதியது:

இலக்கம் எழுதவேண்டாம் தம்பி. "ஒரு முழுப் பவர்செட்டும் ட்ராப் பொயின்றுக்கு உள்ளை நிக்கக்கூடிய நீளம்" எண்டு எழுது. நீ ஒரு இலக்கம் போட்டால், நாளைக்கு இன்னும் இரண்டு பெட்டி கூடின செட் வரேக்கை அந்தக் கடிதத்தைக் காட்டியே இடமில்லை எண்டு சொல்லுவினம். கையெழுத்துக்கு என்ரை பேரையும் சேர்.